ஐந்தரைக் கட்டைக்கு ஒரு பட்டன்

கதவை இழுத்துச் சாத்திவிட்டு வாருங்கள். பனி உள்ளே வந்தால் மைக்குக்கு ஆகாது. வலது பக்கம் ஒயர் கிடக்கிறது, மிதிக்காமல் தாண்டுங்கள். இதுதான் என் பட்டறை. ஏற்காட்டுக் காபித் தோட்டத்து ஓட்டு வீடு. ஒரு காலத்தில் மிளகு மூட்டை அடுக்கிய அறை. மழைக்காலத்தில் சுவர் இன்னும் காரமாக மணக்கும். விளம்பர ஜிங்கிள், குறும்படத்துக்குப் பின்னணி இசை, ஐயப்பன் சீசனுக்கு பக்தி ஆல்பம், எப்போதாவது அதிர்ஷ்டம் அடித்தால் சினிமாப் பாட்டுக்குக் கீபோர்டு ப்ரோகிராமிங் என்று எல்லாமே இந்த நாலு சுவருக்குள்தான். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, தலைசுற்றாமல் வந்து சேரும் பாடகர்கள் பாதி டேக் ஓகே ஆனவர்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் ஸ்பீக்கரைப் பார்ப்பார்கள். பிறகு மைக்கைப் பார்த்து விலை கேட்பார்கள். நீங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு, கீபோர்டுக்கு இடது பக்கம் இருக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியைப் பாருங்கள். அதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். 24 பட்டன். நாலு வரிசை, வரிசைக்கு ஆறு. ஒவ்வொன்றின் தலையிலும் மார்க்கர் பேனாவால் நானே எழுதி ஒட்டிய சீட்டு. 'ஒண்ணு', 'ஒண்ணரை', 'ரெண்டு' என்று ஆரம்பித்து 'ஏழு' வரை முதல் இரண்டு வரிசை. அதற்குக் கீழே 'ஏத்து', 'இறக்கு', 'ஆதி', 'ரூபகம்', 'மி.சாபு', 'க.சாபு'. கடைசி வரிசையில் 'எடு', 'மறுபடி', 'கமகம்', 'மைனஸ்', 'கரண்டு', அப்புறம் 'அடடா!' ஆமாம், ஆச்சரியக்குறியோடு. அதை இப்போது தொடாதீர்கள்.

'ஐந்தரை'யை அழுத்துங்கள். பயப்படாமல் அழுத்துங்கள்!

கேட்டதா? தம்பூரா ஜி ஷார்ப்புக்குப் போய்விட்டது. கீபோர்டில் வாசித்துவைத்த டிராக்குகள் மொத்தமும் அதே அளவுக்கு ஏறிவிட்டன. மிருதங்கமும் மாறியிருக்கிறது, கவனித்தீர்களா? சற்றுமுன் ஆண்குரலுக்காகக் கனமாக முழங்கிய தக்கு ஸ்ருதி மிருதங்கம் போய், ஹெச்சு ஸ்ருதி மிருதங்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. மிருதங்கத்தை ஸ்ருதிக்குச் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். தக்கு மிருதங்கத்தின் பதிவைக் கம்ப்யூட்டரில் இழுத்து ஏற்றினால் பொம்மைக் கடை டமாரம்தான் கேட்கும். அதனால் இரண்டு வகை மிருதங்கமும் தனித்தனியாக ரெக்கார்ட் பண்ணி வைத்திருக்கிறேன். எந்தக் கட்டைக்கு எது என்று பெட்டிக்குத் தெரியும். திரையின் மேல் மூலையில் '5½' என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது பாருங்கள், கண்ணாடி போடாத பாடகருக்கும் தெரிகிற அளவில்.

இத்தனையும் ஒரே அழுத்தில். மவுஸ் பிடித்துச் செய்திருந்தால் மெனு திறந்து, டிராக்கைப் பிடித்து, எண்ணைப் போட்டு, தம்பூராவைத் தனியாக மாற்றி, மிருதங்கத்தை ஊமையாக்கி, இன்னொன்றை எழுப்பி... அதற்குள் மைக் முன்னால் நிற்கிற பெண் தொண்டையைச் செருமி, தண்ணீர் குடித்து, போனை எடுத்து வாட்ஸ்அப் பார்க்க ஆரம்பித்திருப்பார். போன் கைக்கு வந்ததா, அந்தப் பாட்டு போயே போச்சு. திரும்ப அதே மனநிலைக்கு வர டீ போட்டாக வேண்டும்.

கட்டைக் கணக்கு தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை 1 முதல் 7 வரை எண்ணிக்கொள்ளுங்கள். சி என்பது ஒன்று, டி இரண்டு, இப்படியே பி வரைக்கும் ஏழு. நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் அரைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கிடையாது, ஆகவே மூன்றரைக் கட்டை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. புதுப் பையன் யாராவது உதவிக்கு வந்தால், "தம்பி, அந்த மூன்றரையை அழுத்து" என்று சொல்லிவிட்டு வேடிக்கை பார்ப்பது இந்த அறையின் ராகிங். ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் நிற்பார்கள், பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறு. ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்கள் எதுவும் இந்தப் பாஷையைப் பேசாது. பாடுகிறவர் "அரைக்கட்டை இறக்குங்கண்ணா" என்பார். திரையோ ஷார்ப், ஃப்ளாட் என்று கேட்கும். நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிற வேலையிலிருந்து இந்தப் பன்னிரண்டு பட்டன் என்னை விடுதலை செய்துவிட்டது.

இதற்கு ஒரு முன்னோர் உண்டு. பெங்களூரில் ரேடல் நிறுவனத்தைத் தொடங்கிய ஜி.ராஜ் நாராயண், விமானத் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்தவர், புல்லாங்குழல் வித்வானும்கூட. 1979இல் எலக்ட்ரானிக் தம்பூராவைக் கொண்டுவந்தார். கட்டையைத் திருகிவிட்டால் தானாக மீட்டிக்கொண்டே இருக்கும் அந்தப் பெட்டி இல்லாத பாட்டு வாத்தியார் வீடு தமிழ்நாட்டில் அபூர்வம். நான் செய்ததெல்லாம் அந்தத் திருகைப் பன்னிரண்டு பட்டனாக விரித்து, கூடவே ஆர்க்கெஸ்ட்ராவையும் இழுத்துக் கட்டியதுதான்.

பெட்டியைக் கழற்றிக் காட்டவா? காட்டாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நாலு திருகாணி. உள்ளே பாருங்கள், பச்சையாக ஒரு சின்னப் பலகை. ராஸ்பெர்ரி பை பிக்கோ. 2021 ஜனவரியில் 4 டாலர் விலைக்கு வந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. 24 பட்டனுக்கு 24 ஒயர் இழுக்கவில்லை. குறுக்கே நாலு, நெடுக்கே ஆறு, மொத்தம் பத்தே ஒயர். பலகை ஒவ்வொரு வரிசையாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கும்: 'யாராவது அழுத்துறீங்களா, யாராவது அழுத்துறீங்களா' என்று ஒரு விநாடிக்குள் பல நூறு தடவை. ஒவ்வொரு பட்டனோடும் அரிசி நீளத்துக்கு ஒரு கண்ணாடி டையோடு இருக்கிறது பாருங்கள். அது இல்லையென்றால் மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தும்போது அழுத்தாத நாலாவது பட்டனும் 'நானும் இருக்கேன்' என்று கையைத் தூக்கும்.

பட்டனுக்குள் இருக்கும் உலோகத் தகடு தொடும்போது ஒரே அடியில் நிற்காது, சில மில்லி விநாடிகள் துள்ளும். அந்தத் துள்ளலையெல்லாம் தனித்தனி அழுத்தாக எண்ணிவிட்டால் ஒரு 'எடு'வுக்கு ஐந்து டேக் ஓடும். அதனால் முதல் தொடுகைக்குப் பிறகு கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள் என்று பலகைக்குச் சொல்லிவைக்க வேண்டும். இன்னொரு ரகசியம், இந்த ஸ்விட்சுகள் சத்தமே போடாத ரகம். கிளிக்... கிளிக்... என்று கேட்கிற ரகம் விரலுக்கு அவ்வளவு சுகம்! ஆனால் மைக் பக்கத்திலேயே இருக்கிற ஒற்றை அறை ஸ்டுடியோவில், பல்லவிக்கு முன்னால் ஒரு கிளிக் எல்லாப் பாட்டிலும் பதிவாகித் தொலையும்.

சரி, இந்தப் பெட்டி கம்ப்யூட்டருக்கு என்ன சொல்கிறது? இங்கேதான் எனக்கு உற்சாகம் தாங்காது. உங்கள் கீபோர்டின் மேல் வரிசையில் எஃப்1 முதல் எஃப்12 வரை இருக்கும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பட்டியலில் எஃப்13 முதல் எஃப்24 வரை இன்னும் பன்னிரண்டு சாவிகள் உண்டு! இன்றைய கீபோர்டுகள் பெரும்பாலானவற்றில் அவை கிடையாது. சாவி இல்லாததால் சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் அவற்றுக்கு வேலை கொடுத்து வைப்பதில்லை. ஆளில்லாத வீடு. என் பெட்டி தன்னை ஒரு சாதாரண கீபோர்டு என்று கம்ப்யூட்டரிடம் அறிமுகப்படுத்திக்கொண்டு, அந்தக் காலி வீடுகளில் குடியேறிவிடுகிறது. பன்னிரண்டு பட்டன் நேராக, மீதிப் பன்னிரண்டு ஷிஃப்டோடு சேர்த்து. டிரைவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். மழையில் ஏற்காட்டு நெட்வொர்க் படுத்துவிட்டாலும் என் பெட்டி படுக்காது.

கம்ப்யூட்டர் பக்கம் நான் வைத்திருப்பது ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர். வின்ஆம்ப் நினைவிருக்கிறதா? எம்பி3 பாட்டெல்லாம் அதில்தானே ஓட்டினோம், அந்தப் பச்சை எண்கள், துள்ளும் கோடுகள்! அதைச் செய்த ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் ரீப்பரையும் ஆரம்பித்தவர். ரீப்பரில் இருக்கும் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஒரு பெயர் உண்டு. பத்து வேலையை வரிசையாகக் கோத்து ஒரே வேலையாக்கி, அதற்கு ஒரு சாவி கொடுத்துவிடலாம். க்யூபேஸ் சாஃப்ட்வேரிலும் இதே மாதிரி மேக்ரோ உண்டு. லாஜிக், ப்ரோ டூல்ஸ் வைத்திருப்பவர்கள் கீபோர்டு மேஸ்ட்ரோ, சவுண்ட்ஃப்ளோ என்று தனி உதவி தேடிக்கொள்கிறார்கள்.

கடையில் ரெடிமேடாகவும் கிடைக்கும். 2017இல் எல்காட்டோ கம்பெனி கொண்டுவந்த ஸ்ட்ரீம் டெக்கில் 15 பட்டன், ஒவ்வொன்றும் ஒரு குட்டித் திரை. கேம் விளையாடி யூடியூபில் காட்டுகிற பிள்ளைகளுக்காக வந்தது. இசைக்காரர்கள் கூட்டமாகப் போய் வாங்கிக்கொண்டார்கள். இன்னும் பின்னால் போனால் 1988இல் ரோஜர் லின் அகாய்க்காக வடிவமைத்த எம்பிசி60, அதன் 16 ரப்பர் பேட். 2006இல் வந்த மோனோம், பெயரே எழுதாத 64 பட்டன்: என்ன செய்ய வேண்டும் என்பதை நீயே சொல் என்று கையில் கொடுத்துவிட்டார்கள். காசு இருப்பவர்கள் ஸ்ட்ரீம் டெக்கே வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் சொந்தக் கையால் பற்றவைத்த பட்டன் 'ஐந்தரை' என்று தமிழில் கண்ணடிக்கும்போது வருகிற கர்வம் கடையில் கிடைக்காது.

இந்த அறையிலிருந்து கிளம்பி மலையிறங்கினால், சேலத்துக்குள் நுழையும் ஏற்காடு சாலையில் ஒரு வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வாசல். உள்ளே ஸ்டுடியோ இல்லை, வளைவு மட்டும் இருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்குவேன். பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரன் அடிப்பார். பிறகு என்ன, இந்த ஊரில் இசைத்தொழிலில் நேரம் மிச்சம் பிடிப்பதைப் பற்றிப் பேசிவிட்டு அந்த ஸ்டுடியோவைக் கட்டிய டி.ஆர்.சுந்தரத்துக்கு ஒரு கும்பிடு போடாமல் போக முடியுமா?

1930களின் நடுவில், சினிமாக்காரர்கள் படம் எடுக்க கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறிக்கொண்டிருந்த நாளில், சேர்வராயன் மலையடிவாரத்தில் அவர் ஒரு தொழிற்சாலையே கட்டினார். 1937இல் 'சதி அகல்யா'. மறு வருஷமே 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும்படம். 1950இல் ஜி.ராமநாதன் இசையில் 'மந்திரி குமாரி'. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. மொத்தத்தில் நூறு படங்களுக்கு மேல். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே வளாகத்துக்குள். கதை எழுதுகிறவர்கள் முதல் நடிகர்கள் வரை மாதச் சம்பளம். ஓர் ஆளைத் தேடிப்போகிற நேரம், ஒரு பொருளுக்குக் காத்திருக்கிற நேரம், இரண்டையும் ஒழித்துவிட்டால் படம் தானாக வேகமெடுக்கும் என்று கண்டுகொண்ட மனிதர். அவர் இங்கிலாந்தின் லீட்ஸில் படித்துவிட்டு வந்தது என்ன தெரியுமா? ஜவுளித் தொழில்நுட்பம்!

எனக்கு இது எத்தனை தடவை நினைத்தாலும் சிரிப்பாகவும் சிலிர்ப்பாகவும் இருக்கும். ஏனென்றால் சேலத்தைச் சுற்றி, இளம்பிள்ளைப் பக்கம் போய்ப் பாருங்கள், தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் மாலையாகத் தொங்கும். ஓட்டை இருந்தால் அந்த இழை தூக்கும், இல்லையென்றால் தூக்காது. 1800களின் தொடக்கத்தில் பிரான்ஸின் ஜக்கார்டு செய்த ஏற்பாடு. நெசவாளி மிதியை மிதிப்பார், அட்டை புரளும், முந்தானையில் மயில் விழும். ஒவ்வொரு இழையையும் கையால் எடுத்துக்கட்ட வேண்டிய வேலையை முன்கூட்டியே யோசித்து அட்டையில் எழுதி வைத்துவிட்டார்கள். என் பெட்டியும் அந்த அட்டை மாலைதான், இழைக்குப் பதிலாக டிராக் தூக்குகிறது. லீட்ஸில் தறிகளுக்கு நடுவே படித்த ஒருவர் இந்த மலையடியில் வந்து பாட்டுத் தொழிற்சாலை வைத்தது தற்செயல் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்!

அன்றைக்கு அங்கே பாட்டு எடுத்த முறையை யோசித்துப் பாருங்கள். பாடகர், வயலின்காரர்கள், தபலா, ஆர்மோனியம் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில். ஒரு வயலின் வில் தவறினால் மறுபடி பல்லவியிலிருந்து. 'டேக்' என்பதற்கு அன்றைக்குப் பட்டன் இசையமைப்பாளரின் கைதான். கை மேலே போனால் நாற்பது பேர் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். கீழே வந்தால் இசை. அத்தனை பேரின் ஒத்திகையும் அந்த ஒரு கையசைவில் சுருட்டி வைத்திருக்கும். பிறகு 1986இல் 'புன்னகை மன்னன்' பாடல்களுக்கு இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சரைக் கொண்டுவந்தபோது, அதை இயக்கிய இளைஞர் திலீப். 1989இல் தன் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே பஞ்சதன் ஸ்டுடியோ, 1992இல் 'ரோஜா', அப்புறம் அவர் பெயர் ஏ.ஆர்.ரஹ்மான் என்று உலகத்துக்கே தெரியும். நாற்பது பேர் நின்ற கூடம் ஓர் அறைக்குள் அடங்கியது அப்போதுதான். அந்தக் கையசைவும் அதே நேரத்தில் மவுஸ் முனைக்கு வந்து சேர்ந்தது. இருநூறு கிளிக்காகச் சிதறியும் போனது. சிதறியதைப் பொறுக்கி மறுபடி ஒரு கையசைவாக்குவதுதான் என் 'எடு' பட்டன்.

'எடு' என்ன செய்யும்? பாடகர் எந்த வரியில் நிற்கிறாரோ அதற்கு இரண்டு ஆவர்த்தனம் முன்னால் போய் நிற்கும். ஸ்பீக்கரை அணைக்கும், ஹெட்போனில் மட்டும் ஓட்டும். மைக் டிராக்கைத் திறக்கும். பெட்டியிலிருந்து ஓர் ஒயர் வெளியே போகிறதே, அது திண்ணையில் இருக்கும் சிவப்பு பல்புக்கு. பல்பு எரிந்தால் பால்காரர் சைக்கிள் மணி அடிக்கக்கூடாது என்று ஒப்பந்தம். 'மறுபடி' அழுத்தினால் எடுத்ததைப் பத்திரமாக ஓரம் வைத்துவிட்டு, அதே இடத்துக்குத் திரும்பி அடுத்த டேக். இரண்டுக்கும் நடுவில் நான் திரையைப் பார்ப்பதே இல்லை. இதுதான் முழு லாபம். மிச்சமாகிற விநாடிகளை எண்ணிச் சந்தோஷப்படுகிறவர்கள் விஷயத்தைத் தவறவிட்டார்கள். திரையைப் பார்க்கிறபோது காது மங்கிவிடுகிறது. அலைவடிவம் அழகாக இருந்தால் பாட்டும் நன்றாக இருக்கிறதென்று மனசு பொய் சொல்லும். பட்டன் விரலோடு போய்விடுவதால், கண்ணைப் பாடுகிறவர் முகத்திலேயே வைத்திருக்கலாம். "இன்னொண்ணு போலாமாண்ணா" என்று அவர் கேட்க வாயைத் திறக்கும்போது ஏற்கெனவே தம்பூரா ஓடிக்கொண்டிருக்கும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தாளப் பட்டன்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்வேரில் ஏழு எண்ணிக்கை போட்டால் டக் டக் டக் என்று ஏழும் ஒரே மாதிரி அடிக்கும். அதைக் கேட்டுக்கொண்டு மிஸ்ர சாபு பாடுவது தண்டனை. என் 'மி.சாபு' அழுத்தினால் கஞ்சிரா வந்து தகிட தகதிமி என்று மூன்றும் நாலுமாகப் போகும், 'க.சாபு' தக தகிட. பாடகர் தொடையில் தட்ட ஆரம்பித்துவிடுவார், நமக்கு வேலை முடிந்தது.

'கமகம்' பட்டன் கொஞ்சம் திருட்டுத்தனமானது. மிடி என்கிற பாஷை 1983இல் வந்தது, பியானோக்காரர்களுக்குத் தோதாக. அதில் ஸ்வரத்தை வளைக்க ஒரு சக்கரம் உண்டு, 16,384 படிகள். ஆனால் வழக்கமாக அது மேலே ஒரு முழு ஸ்வரம், கீழே ஒரு முழு ஸ்வரம் மட்டும்தான் வளையும். தோடியின் காந்தாரத்தை அசைக்க அது எந்த மூலைக்கு? பட்டனை அழுத்தினால் பெட்டி மூன்று செய்திகளை வரிசையாக அனுப்பும்: 101ஆம் எண்ணுக்குப் பூஜ்யம், 100ஆம் எண்ணுக்குப் பூஜ்யம், 6ஆம் எண்ணுக்குப் பன்னிரண்டு. வளைவு ஒரு முழு ஸ்தாயிக்கு விரிந்துவிடும். எல்லா வாத்தியக் கருவியும் இதற்குப் பணியாது, சில அடம்பிடிக்கும். பணிகிறவற்றில் வீணைக்காரர் கம்பியை இழுக்கிற தூரம் வரை போகலாம். இன்னொரு அழுத்து, பழைய நிலை.

'மைனஸ்' பற்றித் தயாரிப்பாளர்களிடம் கேளுங்கள். பாட்டு முடிந்த ராத்திரி எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள்: குரல் இல்லாமல் ஒன்று, குரல் மட்டும் ஒன்று, தாளம் தனியாக, கோரஸ் தனியாக. ஒரே அழுத்தில் எல்லாம் தனித்தனி ஃபைலாகத் தேதியும் கட்டையும் தாளமும் பெயரில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அந்த நேரத்தில் நான் ஏரிக்கரை வரை நடந்துபோய் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு வந்துவிடுவேன். 'கரண்டு' பட்டனுக்கு விளக்கம் தேவையில்லை. கோடை மழை இடி இடித்து யூபிஎஸ் கத்த ஆரம்பித்தால் அதை ஒரு குத்து: எல்லாம் சேமிப்பாகி, கம்ப்யூட்டர் ஒழுங்காகப் படுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பைத்தியம் தொற்றும். பட்டன் செய்வதிலேயே மாதங்கள் கழித்து ஒரு பாட்டும் போடாத ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெட்டிகள் என்னுடையதைவிட அழகாக, வானவில் விளக்கோடு மின்னும். ஒரு நாளைக்குப் பத்து தடவை செய்கிற வேலைக்குப் பட்டன் வையுங்கள். மாதம் ஒருமுறை செய்வதற்கு வைத்தால், எந்தப் பட்டன் என்று தேடுவதற்குள் மவுஸே முடித்துவிடும். 24க்கு மேல் எனக்கு விரல் நினைவு நிற்கவில்லை.

அப்புறம் 'ஏத்து', 'இறக்கு'. இவை இரண்டும் மலைக்காகவே செய்தவை. சேலத்திலிருந்து நாதஸ்வர வித்வான் ஒருவர் வருவார், பெரியவர். கீழே ஊரில் ரெண்டரைக் கட்டைக்குச் சரியாக நிற்கிற பாரி நாதஸ்வரம், மார்கழியில் இங்கே வந்து வாயில் வைத்தால் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகிறது. 10 டிகிரி வெப்பம் குறைந்தால் குழலுக்குள் சுமார் 30 சென்ட் இறங்கும். அரைக்கட்டைக்கு 100 சென்ட் என்று வைத்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஊதுகிற மூச்சின் சூடு கொஞ்சம் ஈடுகட்டும், முழுதும் கட்டாது. பெரியவர் சீவாளியை மாற்றி மாற்றிப் பார்ப்பார். கழுத்துப் பக்கத்தில் நூலில் கோத்த சீவாளிகள் ஆடிக்கொண்டிருக்கும். பியானோவும் தம்பூராவும் விடாப்பிடியாக ஒரே இடத்தில் நிற்க, அவர்தான் தொண்டை கட்டி அழ வேண்டுமா? 'இறக்கு' ஓர் அழுத்துக்கு ஐந்து சென்ட். அவர் ஒரு ஷட்ஜம் பிடிப்பார், நான் தட்டுவேன், தட்டுவேன், தட்டுவேன்... மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் குனிந்து அவர் பக்கத்தில் வந்து உட்காரும். "ஆங், இப்ப சரி" என்பார். வாத்தியத்துக்காக கம்ப்யூட்டர் இறங்கி வருவதில் அவருக்கு ஒரு பெருமிதம் உண்டு, மறைக்கவே மாட்டார்.

இப்போது அந்தக் கடைசிப் பட்டனுக்கு வருவோம்.

'அடடா!' பிறந்ததே இந்தப் பெரியவரால்தான். சிவப்பு பல்பு எரிந்தால் கச்சிதமாக, இலக்கணம் பிசகாமல் வாசிப்பார். பல்பு அணைந்ததும், சீவாளியைச் சரிபார்க்கிற சாக்கில், யாருக்காகவும் இல்லாமல் ஒரு பிடி பிடிப்பார் பாருங்கள், அதுதான் பாட்டு. அறையில் இருக்கிற எல்லார் வாயிலிருந்தும் 'அடடா' வரும், எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், நான் கையைப் பிசைவேன். இந்த வியாதிக்குப் பெரிய கம்பெனிகளும் மருந்து தேடியிருக்கின்றன: க்யூபேஸில் பின்னோக்கிப் பதிவு செய்கிற வசதி உண்டு, ஏபிள்டன் லைவ் 2018இல் அதே வேலைக்கு ஒரு பொத்தானே வைத்தது. ரெக்கார்ட் அழுத்தாமல் கீபோர்டில் வாசித்ததைக்கூட எடுத்துக் கொடுத்துவிடும். ஆனால் அவை பெரும்பாலும் சாவிகளைத்தான் நினைவில் வைக்கும், மைக்கில் போன மூச்சை அல்ல. ஆகவே நான் ஒரு தனி டிராக்கை யார் கண்ணிலும் படாமல் எந்நேரமும் ஓடவிட்டேன். 'அடடா!' அழுத்தினால் அதில் கடைசி இரண்டு நிமிஷத்தை வெட்டி, மேலே கொண்டுவந்து, மஞ்சள் நிறம் பூசி வைத்துவிடும். மீதி தானாக அழிந்துபோகும். வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், ஒட்டுக்கேட்கிற பழக்கம் நமக்கு வேண்டாம். பெரியவரிடமும் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

போன மழையில் ஒரு சாயங்காலம். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தில் சீகார்ப் பூங்குருவி விசிலடிக்க ஆரம்பித்தது. இது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் விசிலடிப்பது போலவே நீட்டி நீட்டிப் பாடும் பறவை. பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். சீவாளியை நாக்கில் நனைத்தார். அது விட்ட இடத்தில் எடுத்து, மெல்ல, அடிவயிற்றிலிருந்து ஒரு சங்கதி விட்டார். குருவி நிறுத்தியது. இவரும் நிறுத்தினார். குருவி மறுபடி ஆரம்பித்தது. நான் மூச்சுவிடாமல் விரலை மட்டும் நகர்த்தினேன்.

பிறகு அதைப் போட்டுக் காட்டினேன். முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார். எழுந்து வந்து பெட்டியைக் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு சீட்டாக வாய்விட்டுப் படித்தார்.

"ஏந்தம்பி, இத்தனை பட்டன் வச்சிருக்கீங்க. வாசிச்சவனுக்குச் சம்பளம் வர்றதுக்கு எது?"

"அதுக்கு இன்னும் யாரும் செய்யலீங்கய்யா. செஞ்சா முதல் பெட்டி எனக்குத்தான் வேணும்."

"ரெண்டாச் செய்யச் சொல்லுங்க" என்றார். குருவியோடு வாசித்ததற்குத் தனி ரேட் என்று அன்றைக்குப் பேசி முடித்தோம்; குருவியின் பங்கையும் அவரே வாங்கிக்கொண்டார்.